பிள்ளைகள் தம் வாசிப்பைத் தாமே திருத்திக்கொள்ளப் பழக்குவது எப்படி?

இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று, "பாட்டி கூடையில் காய்கறி வாங்கி வந்தாள்" என்ற வாக்கியத்தைப் "பாட்டி குடையில் காய்கறி வாங்கி வந்தாள்" என்று வாசிக்கிறது. பக்கத்தில் இருக்கும் பெரியவர் வாக்கியம் முடியும்வரைகூடப் பொறுக்காமல், "குடை இல்லை, கூடை" என்று சொல்லிவிடுகிறார். குழந்தையும் "கூடையில்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறது. வாசிப்பு சரியாகிவிட்டதுபோல் தோன்றும். ஆனால் அங்கே தவறைக் கண்டுபிடித்தவரும் பெரியவர்தான், திருத்தியவரும் பெரியவர்தான். குழந்தை செய்தது கேட்டதைத் திருப்பிச் சொன்னது மட்டுமே. அந்தப் பெரியவர் இன்னும் சில நொடிகள் பேசாமல் இருந்திருந்தால், "குடையில் காய்கறியா?" என்ற உறுத்தல் குழந்தைக்கே எழுந்திருக்கக்கூடும். அந்த உறுத்தலை வளர்ப்பதும், உறுத்திய பின் என்ன செய்வது என்று கற்றுக்கொடுப்பதுமே இந்தக் கட்டுரையின் பொருள். ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை புதிதாகக் கற்பிக்க வந்திருக்கும் ஆசிரியர்களையும், மாலை வகுப்புகளில் உதவும் தன்னார்வலர்களையும், வீட்டில் பிள்ளையை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லும் பெற்றோரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

தன்னைத் தானே திருத்திக்கொள்வது ஒரே திறன்போலத் தோன்றினாலும் அதற்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. தான் வாசித்தது பொருந்தவில்லை என்று உணர்வது முதல் வேலை. அதைப் பெரும்பாலும் காது செய்கிறது. அச்சிட்ட சொல்லுக்குத் திரும்பிப் போய், அங்கே உண்மையில் எந்த எழுத்துகள் இருக்கின்றன என்று பார்த்துச் சரிசெய்வது இரண்டாவது வேலை. அதைக் கண்தான் செய்ய வேண்டும். நியூசிலாந்தைச் சேர்ந்த வாசிப்பு ஆய்வாளர் மேரி கிளே, 1960களில் ஆக்லாந்தில் புதிதாகப் பள்ளிக்கு வந்த குழந்தைகளின் அருகில் வாரந்தோறும் அமர்ந்து, அவர்கள் வாசிப்பதைச் சொல்லுக்குச் சொல் குறித்து வந்தார். நன்றாக முன்னேறிய குழந்தைகள் தவறே செய்யாதவர்கள் அல்லர் என்பதையும், தம் தவறுகளில் கூடுதலான பங்கை யாரும் சொல்லாமலே திரும்பிப் போய்த் திருத்திக்கொண்டவர்கள் என்பதையும் அவர் கண்டார். ஆனால் அந்த வழியில் வந்த பயிற்சிகள் பலவற்றில், "படத்தைப் பார், வாக்கியத்தைப் பார், பொருந்தும் சொல்லை ஊகித்துச் சொல்" என்ற அறிவுரையும் சேர்ந்துகொண்டது. மனித மனம் சொற்களை எப்படி அடையாளம் காண்கிறது என்பது பற்றிப் பின்னர் நடந்த ஆய்வுகள் இந்த அறிவுரையைக் கடுமையாக மறுத்தன. நானும் மறுப்பவர்களின் பக்கமே நிற்கிறேன். "மழை வந்ததும் தம்பி கூடையை எடுத்துக்கொண்டு ஓடினான்" என்ற வாக்கியத்தைக் குழந்தை "குடையை" என்று வாசித்தால் பொருள் அழகாகப் பொருந்திவிடும். காது எந்த எச்சரிக்கையும் தராது. ஆகவே, தவறு நேர்ந்திருக்கிறதா என்று அறியப் பொருளைப் பயன்படுத்தலாம். அங்கே இருப்பது எந்தச் சொல் என்று முடிவுசெய்ய எழுத்தை மட்டுமே பயன்படுத்த வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த வேறுபாட்டின்மேல்தான் நிற்கின்றன.

தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

முதலில் பகுதியின் கடினத்தைப் பாருங்கள். பத்துச் சொற்களுக்கு ஒன்றுக்கு மேல் தவறினால் அந்தப் பகுதி அந்தக் குழந்தைக்கு இப்போதைக்குக் கடினமானது என்பது, வாசிப்பு ஆசிரியர்கள் நெடுங்காலமாகக் கையாளும் அளவு. சொற்களில் பாதி புரியாமல் போய்விட்டால், "இது பொருந்துகிறதா?" என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்குக் குழந்தையிடம் எந்தப் பொருளும் மிஞ்சியிருக்காது. தவறே வராத பகுதியும் இந்தப் பயிற்சிக்கு உதவாது. திருத்திக்கொள்ள ஏதாவது இருந்தால்தானே திருத்த முடியும்? இருபது சொற்களுக்கு ஒன்று அல்லது இரண்டு இடறல்கள் வரும் பகுதியே ஏற்றது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் நாற்பது, ஐம்பது சொற்கள் கொண்ட சிறிய பகுதி ஓர் அமர்வுக்குப் போதும்.

அடுத்து, குழந்தை மனப்பாடமாகச் சொல்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். பாடநூலின் முதல் பத்துப் பாடங்களைப் புத்தகத்தைப் பார்க்காமலே ஒப்பிக்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. அவர்களுடைய கண் எழுத்தில் பதிவதே இல்லை என்பதால், அந்தப் பாடத்தை வைத்து எதையும் கண்காணிக்கப் பழக்க முடியாது. அதே சொற்களை வேறு வரிசையில் அமைத்து ஒரு தாளில் நான்கு வாக்கியம் எழுதிக் கொடுத்தால் உண்மை தெரிந்துவிடும். பயிற்சிக்கும் அந்தத் தாளே நல்லது.

உட்காரும் இடமும் முக்கியம். குழந்தைக்கு எதிரே அமர்ந்தால் அது ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கும். உங்கள் புருவம் சற்று உயர்ந்தால் தவறு என்றும், தலை அசைந்தால் சரி என்றும் அது கற்றுக்கொள்ளும். பிறகு தன் காதையும் கண்ணையும் நம்ப வேண்டிய தேவையே அதற்கு இருக்காது. ஆகையால் பக்கத்தில், தோளோடு தோளாக அமருங்கள். உங்கள் கண்ணும் புத்தகத்தின் மேலேயே இருக்கட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முந்தியது ஒன்று உண்டு. நம் குழந்தைகள் பேசும் தமிழ் வேறு, வாசிக்கும் தமிழ் வேறு. "மாடுங்க புல்லு மேஞ்சுது" என்று பேசும் குழந்தையின் முன் "மாடுகள் புல் மேய்ந்தன" என்ற வாக்கியம் வருகிறது. "மேய்ந்தன" என்ற வடிவத்தை அது எங்கும் காதால் கேட்டிருக்காவிட்டால், "மேய்ந்தான்" என்று வாசித்தாலும் அதற்கு உறுத்தாது. சரியாக வாசித்தாலும் சரியென்று தெரியாது. காது காவல் காக்க வேண்டுமானால் காதுக்கு எழுத்துத் தமிழ் பழகியிருக்க வேண்டும். நாள்தோறும் பத்து நிமிடம் கதைப் புத்தகம் ஒன்றை, அதில் உள்ளபடியே, பேச்சு வழக்குக்கு மாற்றாமல் நீங்கள் உரக்க வாசித்துக் காட்டுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிகளுக்குப் போவதில் பயன் மிகக் குறைவு என்றே சொல்வேன்.

முதல் படி: நீங்கள் இடறிக் காட்டுங்கள்

பெரியவர்கள் வாசிப்பதைக் கேட்கும் குழந்தைகள், நன்றாக வாசிப்பவர்கள் தவறே செய்வதில்லை என்று நினைத்துக்கொள்கின்றன. அந்த எண்ணத்தை மாற்றுவதுதான் தொடக்கம். தெரிந்த கதை ஒன்றை எடுத்து, ஓரிடத்தில் வேண்டுமென்றே பிழையாக வாசியுங்கள். வாக்கியம் முடிந்ததும் நிறுத்தி, மனத்துக்குள் நடப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "ராஜா காலில் ஏறி நின்று ஊரைப் பார்த்தார்... இது என்ன, காலில் எப்படி ஏறி நிற்க முடியும்? சரியா வரலையே. திரும்பப் பார்க்கிறேன். க-வுக்குப் பக்கத்தில் துணைக்கால் இல்லை. கல். கல்லில் ஏறி நின்று ஊரைப் பார்த்தார். இப்போ சரியா இருக்கு." நிறுத்தியது, பொருந்தவில்லை என்று சொன்னது, வாக்கியத் தொடக்கத்துக்குப் போனது, எழுத்தைப் பார்த்தது, மறுபடி முழுதாக வாசித்து ஒப்பிட்டது என்ற ஐந்தும் குழந்தையின் காதில் விழ வேண்டும். ஒரு வாரம் நாளுக்கு ஒன்றிரண்டு முறை இப்படிச் செய்தால் போதும். உங்கள் குரலில் வெட்கமோ சலிப்போ தெரியக் கூடாது. வழியில் கிடந்த கல்லை நகர்த்திவிட்டு நடப்பவரைப்போல் இயல்பாகச் செய்யுங்கள்.

இரண்டாம் படி: உங்கள் பிழையைக் குழந்தை பிடிக்கட்டும்

தன் பிழையைக் கேட்பதைவிடப் பிறர் பிழையைக் கேட்பது எளிது. ஆகவே நீங்கள் வாசிக்க, குழந்தைகள் புத்தகத்தில் விரல் வைத்துக் கேட்கட்டும். பிழை வந்த இடத்தில் மேசையை ஒருமுறை தட்ட வேண்டும் என்பது விதி. இதைக் குழந்தைகள் மிகவும் விரும்புவார்கள், ஆனால் நீங்கள் செய்யும் பிழைகளின் வரிசையில் கவனம் வேண்டும்.

முதல் சில நாட்கள், தமிழில் இல்லவே இல்லாத சொல்லாக வாசியுங்கள்: "குழந்தை தெட்டிலில் தூங்கியது." தொட்டிலைத் தெட்டில் என்றால் எந்தக் குழந்தைக்கும் உடனே உறுத்தும். பிறகு, சொல் உண்டு, ஆனால் வாக்கியத்தில் பொருந்தாது என்ற வகைக்கு வாருங்கள்: "கோழி மூட்டை இட்டது", "அக்கா கடைக்குப் போய்விட்டு வந்தான்." இவற்றைப் பிடிக்க வாக்கியம் முழுவதையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். கடைசியாகத்தான், பொருளும் பொருந்தும், எழுத்து மட்டும் பொருந்தாது என்ற வகை வர வேண்டும்: புத்தகத்தில் "அம்மா மாலை வாங்கி வந்தாள்" என்றிருக்க, நீங்கள் "அம்மா பூ வாங்கி வந்தாள்" என்று வாசியுங்கள். காதால் மட்டும் கேட்பவர்கள் இதைத் தவறவிடுவார்கள். விரலும் கண்ணும் எழுத்தில் இருப்பவர்களே தட்டுவார்கள். தட்டிய குழந்தையிடம், "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேட்க மறக்காதீர்கள். அந்த விடையில்தான், அது காதால் கண்டுபிடித்ததா, கண்ணால் கண்டுபிடித்ததா என்று உங்களுக்குத் தெரியும்.

மூன்றாம் படி: முற்றுப்புள்ளிவரை பொறுத்திருங்கள்

இப்போது குழந்தை வாசிக்கிறது, நீங்கள் கேட்கிறீர்கள். இந்த முறை முழுவதிலும் பெரியவர்களுக்கு மிகக் கடினமானது இந்தப் படிதான். தவறு காதில் விழுந்ததும் திருத்திவிட நாக்கு துடிக்கும். துடிக்கட்டும், பேசாதீர்கள்.

எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதற்குத் தமிழே ஒரு விடை வைத்திருக்கிறது. நம் மொழியில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது; யார் செய்தார், எத்தனை பேர் செய்தார்கள், எப்போது செய்தார்கள் என்பதெல்லாம் அந்த ஈற்றில்தான் தெரிகிறது. "தங்கை" என்பதைத் "தங்கம்" என்று வாசித்த குழந்தை, "...அழுதாள்" என்று வந்து முடியும்போதுதான் ஏதோ தவறியிருக்கிறது என்று உணர வாய்ப்பு உண்டு. நடுவில் நீங்கள் குறுக்கிட்டால், அது தானே உணரவிருந்த அந்தக் கணத்தைப் பறித்துவிடுகிறீர்கள். ஆகவே முற்றுப்புள்ளிவரை காத்திருங்கள். முற்றுப்புள்ளியிலும் உடனே பேசாமல், மனத்துக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். ஒரு சொல்லில் குழந்தை முற்றிலும் நின்றுவிட்டாலும் அதே ஐந்து எண்ணிக்கைதான். அதற்கு மேலும் நகராவிட்டால் முதல் எழுத்தைக் காட்டி உதவலாம், அல்லது சொல்லைச் சொல்லிவிட்டு மேலே போகலாம். திணறவிட்டு அழவைப்பது பயிற்சி ஆகாது.

ஐந்து எண்ணியும் குழந்தை திரும்பிப் பார்க்கவில்லை என்றால், தவறு எது என்று சுட்டாமல் கேள்வி கேளுங்கள். அதையும் பேச்சுத் தமிழிலேயே கேளுங்கள். சொல்லே இல்லாத சொல் வந்திருந்தால், "இப்படி ஒரு வார்த்தை கேட்டிருக்கியா?" வாக்கியம் பொருந்தாமல் போயிருந்தால், "நீ படிச்சது எனக்குப் புரியலை, உனக்குப் புரிஞ்சுதா?" எழுத்து மட்டும் பொருந்தாமல் இருந்தால், "நீ சொன்ன வார்த்தையும் இங்கே இருக்கிற எழுத்தும் ஒண்ணா இருக்கான்னு பாரு." மூன்று வகைத் தவறுக்கும் மூன்று கேள்வி. "தப்பு, திரும்பப் படி" என்ற ஒரே வாக்கியத்தை எல்லாவற்றுக்கும் சொன்னால், எதைத் தேடுவது என்று குழந்தைக்குத் தெரியாது. அது பெரும்பாலும் இரண்டாவது ஊகத்தைச் சொல்லும், பிறகு மூன்றாவது ஊகத்தை.

இன்னொன்றையும் கட்டாயம் செய்ய வேண்டும். குழந்தை சரியாக வாசித்த இடத்திலும் இடையிடையே நிறுத்தி, "இது சரியா? எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். தவறும்போது மட்டும் கேட்டால், கேள்வி வந்தாலே தவறு என்று குழந்தை கணக்குப் போட்டுவிடும். சரியானதை நிறுத்திப் பார்த்து, "ஆமாம், சரிதான், இதோ இங்கே நெடில் இருக்கு" என்று சொல்லத் தெரிந்த குழந்தையே உண்மையில் தன் வாசிப்பைக் கண்காணிக்கிறது. திருத்திக்கொண்ட இடங்களைப் பாராட்டுவதும் அப்படித்தான் இருக்க வேண்டும்: "நல்லா படிச்சே" என்பதைவிட, "குடைன்னு சொல்லிட்டு நீயே நின்னு திரும்பப் பார்த்தியே, அதைத்தான் நான் கவனிச்சேன்" என்பது பலமடங்கு பயனுள்ளது.

நான்காம் படி: எங்கே பார்ப்பது என்று கண்ணுக்குக் கற்றுக்கொடுங்கள்

உறுத்தல் வந்த பிறகு வெறுமனே "திரும்பப் பார்" என்றால் போதாது. தமிழ் எழுத்தில் பிழை ஒளிந்துகொள்ளும் இடங்கள் சில இருக்கின்றன. அவற்றைக் குழந்தை அறிந்திருக்க வேண்டும்.

முதல் இடம் குறில், நெடில். கல்லும் காலும், படமும் பாடமும், எடுவும் ஏடும், கொடுவும் கோடும் ஒரு துணைக்காலாலோ சிறு கோட்டாலோ சுழியாலோதான் வேறுபடுகின்றன. துணைக்காலாவது கண்ணுக்குத் தனியாகத் தெரிகிறது. உகர, ஊகார வரிசையில் கு, கூ, சு, சூ, து, தூ, மு, மூ என்று ஒவ்வோர் எழுத்தும் தனி வடிவம் எடுப்பதால் அங்கேதான் தவறுகள் குவியும். கூடை குடையாவதும் முட்டை மூட்டையாவதும் இதனால்தான். இந்த வரிசையை மட்டும் தனியாக இணை இணையாக எழுதிவைத்து, வாரத்துக்கு இரண்டு முறை பார்க்கச் செய்வது நல்ல பலன் தரும்.

இரண்டாவது இடம் கொம்பு. ஒலி பின்னால் வர, அடையாளம் முன்னால் நிற்கிறது. அதிலும் "கொ", "கோ" ஆகிய எழுத்துகளில் இடப்பக்கம் ஒரு குறி, வலப்பக்கம் ஒரு குறி. இடமிருந்து வலமாகவே வரும் கண், கொம்பையும் எழுத்தையும் சேர்த்துக் "கெ" என்று முடித்துவிட்டு, மிஞ்சிய காலை என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவிடும். "கொம்பைப் பார்த்தால் எழுத்தைத் தாண்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திற" என்று ஒரு வழக்கமாகவே சொல்லிக்கொடுங்கள். "கௌ" என்பதில் கடைசிக் குறியை ளகரமாக வாசிப்பதும் இதே வகைதான்.

மூன்றாவது இடம் மெய்யெழுத்தின் புள்ளி. "பட்டம்" என்பதில் இரண்டு புள்ளிகளையும் தவறவிட்டால் நான்கு உயிர்மெய்கள் வரிசையாக நிற்கும். அந்த ஒலியில் எந்தச் சொல்லும் இல்லை. ஆகவே, வாயில் வந்தது சொல்லாகவே இல்லை என்றால் முதலில் புள்ளிகளைத் தேடச் சொல்லுங்கள்.

அடுத்தது, தமிழுக்கே உரிய நுட்பமான ஒரு சிக்கல்; பெரும்பாலான பயிற்சிகளில் இது பேசப்படுவதில்லை. க, ச, ட, த, ப ஆகிய எழுத்துகள் நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறுகின்றன. "தம்பி" என்பதை த, ம், பி என்று எழுத்துக்கூட்டும் குழந்தை, பள்ளியில் கற்ற பி-யின் வல்லொலியையே சொல்லும். "பகல்" என்பதில் க-வும் அப்படியே. எழுத்து ஒவ்வொன்றும் சரி. ஆனால் சேர்த்துச் சொல்லும்போது வருவது அது வீட்டில் கேட்டறிந்த சொல் அல்ல. அந்தக் குழந்தை தவறு செய்யவில்லை. கடைசி அடியை எடுத்துவைக்கவில்லை, அவ்வளவுதான். "எழுத்துக்கூட்டினது சரி. இப்போ அதையே பேசுற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். எழுத்துகள் தந்த தோராயமான ஒலியிலிருந்து, தனக்குத் தெரிந்த சொல்லுக்குத் தாவுவதே தமிழ் வாசிப்பில் தன்னைத் திருத்திக்கொள்வதன் முதல் வடிவம் என்று நான் கருதுகிறேன்.

நீண்ட சொற்களில் ஆபத்து வேறு. "விளையாடிக்கொண்டிருந்தார்கள்" என்பதைப் பார்க்கும் குழந்தை, "விளையாடி" வரை வாசித்துவிட்டு மீதியைத் தன் பேச்சிலிருந்து நிரப்பிக்கொள்ளும். இங்கே தாளின் ஓரத்தாலோ விரலாலோ சொல்லின் பின்பகுதியை மறைத்து, விளையாடி, கொண்டு, இருந்தார்கள் என்று பகுதி பகுதியாகத் திறந்து காட்டுங்கள். சொல்லின் தொடக்கம் என்ன செயல் என்பதையும், ஈறு யார் செய்தார் என்பதையும் சொல்கிறது என்று விளக்கிவிட்டால், ஈற்றைப் பார்க்காமல் போவது குறையும். "இருக்கிறது" என்பதை "இருக்கு" என்று வாசிப்பதும் இந்த வகையில் சேரும்; ஆனால் அது குழந்தை பொருளோடு வாசிக்கிறது என்பதற்கு அடையாளம் என்பதால் கடிந்துகொள்ள வேண்டாம். ஈற்றை விரலால் தொட்டுக் காட்டச் சொன்னால் போதும்.

ல, ள, ழ வேறுபாட்டில் மட்டும் ஓர் எச்சரிக்கை. "மழை" என்பதை "மளை" என்று ஒலிக்கும் குழந்தை, அது வானத்திலிருந்து பெய்வது என்று தெரிந்தே சொல்கிறது என்றால், அது வாசிப்புப் பிழை அல்ல, ஊர் வழக்கு. பொருளைக் கேட்டுப் பாருங்கள். மலை என்று புரிந்துகொண்டிருந்தால் மட்டுமே எழுத்துக்குத் திருப்புங்கள். உச்சரிப்புப் பயிற்சிக்கு வேறு நேரம் உண்டு.

திருத்திய பிறகு, அந்தச் சொல்லை மட்டும் சொல்லிவிட்டு மேலே போக விடாதீர்கள். வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்து மறுபடி வாசித்தால்தான், புதிய சொல் பொருந்துகிறதா என்று காது சொல்ல முடியும்.

ஐந்தாம் படி: குறித்துவையுங்கள்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குழந்தையையும் தனியாக வாசிக்கச் சொல்லி, ஒரு வெள்ளைத்தாளில் குறியுங்கள். சரியாக வாசித்த சொல்லுக்கு ஒரு சரிக்குறி. தவறான சொல்லுக்கு, புத்தகத்தில் உள்ள சொல்லை எழுதி அதன்மேல் குழந்தை சொன்னதை எழுதுங்கள். தானே திருத்திக்கொண்டால் அருகில் "தி", நீங்கள் சொல்லிக்கொடுத்தால் "சொ". அன்றைக்கு மட்டும் கேள்வியோ உதவியோ கூடியவரை வேண்டாம்.

ஐம்பது சொற்களில் ஆறு இடறல், அவற்றில் இரண்டைத் தானே திருத்தியது என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், மிஞ்சிய நான்கையும் பாருங்கள். அவை தமிழில் இல்லாத சொற்களாக இருந்தால், அந்தக் குழந்தை தன் குரலைக் கேட்கவே இல்லை. இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். நான்கும் பொருளுக்குப் பொருந்தும் சொற்களாக இருந்தால், காது நன்றாக வேலை செய்கிறது, கண்தான் எழுத்தை விட்டு ஓடுகிறது. நான்காம் படியில் இன்னும் இரு வாரம் செலவிடுங்கள். நான்கும் ஊகார எழுத்துகளிலேயே விழுந்திருந்தால், தேவை அந்த வரிசைக்கான தனிப் பயிற்சி மட்டுமே. வேகத்தை இந்தத் தாளில் குறிக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று குழந்தைக்குத் தெரிந்துவிட்டால், திரும்பிப் பார்ப்பது அதற்கு நட்டமாகிவிடுகிறது.

ஆறாம் படி: சொல்லிலிருந்து பத்திக்கு

எல்லாச் சொற்களையும் சரியாக வாசித்தும் ஒன்றும் புரியாமல் போகும் பிள்ளைகள் உண்டு. புரியவில்லை என்பதே அவர்களுக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். அமெரிக்க உளவியலாளர் எலன் மார்க்மன் 1977இல் வெளியிட்ட ஆய்வொன்றில், முக்கியமான குறிப்பு விடுபட்ட விளையாட்டு விதிகளை முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளிடம் சொன்னார். சிறியவர்களில் பலர் விதிகள் புரிந்துவிட்டதாகவே நினைத்தார்கள். விளையாடத் தொடங்கிய பிறகுதான் ஏதோ குறைகிறது என்று உணர்ந்தார்கள். செய்து பார்த்தால் குறை தெரிகிறது என்பதே நமக்கு இங்கே வழியும் ஆகிறது. வாசித்ததை வரையச் சொல்லலாம், நடித்துக்காட்டச் சொல்லலாம், தன் சொற்களில் திருப்பிச் சொல்லச் சொல்லலாம்.

இதற்கென்றே முரண்பட்ட சிறு பத்திகளை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். "கோடையில் ஊர்க் கிணறு முழுவதும் வற்றிவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. முத்து வாளியை இறக்கி, அந்தக் கிணற்றிலிருந்து நாலு வாளி தண்ணீர் இறைத்து மாட்டுக்கு வைத்தான்." இப்படிப்பட்ட பத்தியில் ஏதோ ஓரிடம் பொருந்தவில்லை என்று முன்பே சொல்லிவிட்டுத் தேடவிடுங்கள். சில வாரங்களுக்குப் பின், சொல்லாமலே கொடுத்துப் பாருங்கள்.

வகுப்பிலும் வீட்டிலும்

முப்பது பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவர் அருகிலும் அமர முடியாது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைக்கேற்பப் பிரிக்கும் வழக்கம் உண்டு. ஒரே நிலையில் இருக்கும் இருவரைச் சேர்த்து இணையாக வாசிக்கச் செய்ய அது வசதியானது. ஒரு வாக்கியம் ஒருவர், அடுத்த வாக்கியம் மற்றவர். கேட்பவர் சொல்லைச் சொல்லிவிடக் கூடாது. முற்றுப்புள்ளி வந்த பின் புத்தகத்தில் ஒருமுறை தட்டலாம். இந்த ஒரு விதியை நிலைநிறுத்தச் சில நாட்கள் பிடிக்கும், ஏனென்றால் விடையை முந்திக்கொண்டு கத்துவதுதான் திறமை என்று பிள்ளைகள் அதுவரை கற்றிருப்பார்கள். வகுப்பே சேர்ந்து ஒரே குரலில் வாசிக்கும் பழக்கத்தை மட்டும் இந்த நேரத்தில் ஒதுக்கிவையுங்கள். கூட்டுக் குரலில் எந்தக் குழந்தைக்கும் தன் குரல் கேட்காது.

வீட்டில், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களும் இதில் முழுப் பங்கு பெறலாம் என்பதைப் பெற்றோரிடம் சொல்லுங்கள். பேரனோ பேத்தியோ வாசிப்பதைக் கேட்கும் பாட்டிக்கு எழுத்து தெரியாது. ஆகவே அவரால் சொல்லைத் திருத்த முடியாது. "என்ன கண்ணு, குடையிலயா காய் வாங்குனா?" என்று பொருளைத்தான் கேட்க முடியும். அதன்பின் புத்தகத்துக்குத் திரும்பி எழுத்தைப் பார்க்க வேண்டிய பொறுப்பு முழுவதும் குழந்தையுடையதாகிவிடுகிறது. நான் மேலே இத்தனை படிகளில் சொன்னதை அவர் இயல்பாகவே செய்துவிடுகிறார்.

இரண்டு மூன்று மாதம் முயன்றும் திருத்திக்கொள்ளும் பழக்கம் வராத குழந்தைகளுக்கு வேறு காரணம் இருக்கலாம். வீட்டில் தெலுங்கோ உருதோ இந்தியோ பேசும் குழந்தைக்குத் தமிழ் வாக்கியம் எங்கே பொருந்தவில்லை என்று காது சொல்லாது. அதற்கு முதலில் வேண்டியது பேச்சும் கதையும். எழுத்துகளே இன்னும் உறுதிப்படாத குழந்தைக்குத் திருத்துவதற்கான கருவி கையில் இல்லை, எழுத்துகளுக்குத் திரும்புங்கள். கரும்பலகையை உற்றுப் பார்ப்பது, பேசுவதைத் திருப்பிக் கேட்பது போன்ற அடையாளங்கள் தெரிந்தால் கண், காதுப் பரிசோதனைக்கு அனுப்புவதைத் தள்ளிப்போடாதீர்கள். நன்றாகப் பேசும், கேட்டதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளும் குழந்தை அச்செழுத்தில் மட்டும் தொடர்ந்து தடுமாறினால், கற்றல் குறைபாடு உண்டா என்று அறிந்தவர்களிடம் காட்ட வேண்டும். அதைச் சோம்பல் என்று சொல்லிவிடக் கூடாது.

பழக்கம் வரத் தொடங்கிவிட்டால் உங்கள் உதவியைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்ட இடத்தில் பக்கத்தின் ஓரத்தைத் தட்டுவது போதும்; தட்டிய இடத்தில் சற்று நிற்பது போதும்; பிறகு அதுவும் வேண்டாம். குழந்தை வாய்விட்டு வாசிப்பதிலிருந்து உதடு மட்டும் அசையும் வாசிப்புக்கும், அங்கிருந்து மௌன வாசிப்புக்கும் மாறும்போது உங்களுக்குக் கேட்க எதுவும் இருக்காது. பார்க்க மட்டுமே முடியும். விரல் ஒரு வரியின் தொடக்கத்துக்குத் திரும்புவது, புருவம் சுருங்கி மறுபடி விரிவது, திருப்பிய பக்கத்தை மீண்டும் பின்னோக்கிப் புரட்டுவது ஆகியவைதாம் இனி நீங்கள் தேட வேண்டிய அடையாளங்கள். அந்த நேரத்தில் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். அது படித்து முடிக்கட்டும்.